மூட்டைக்கு அஞ்சலிப் பக்கம்

எனக்கு அருவருப்பு லேசில் வராது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறேன். அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளும், விருந்து முடிந்த மறுநாள் மேசைத் துணிகளும் என் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குள் போகும். ஜனங்கள் ஒரு விரிப்பில் என்னென்ன செய்துவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடவும் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு ஒரு படத்தைப் பார்த்துக் குமட்டியது. அதுவும் என் கூடப் பிறந்தவள் வரைந்த படம்.

என் தங்கை ஆர்ட் ஜர்னல் போடுகிறவள். தடித்த தாள் வைத்துத் தைத்த நோட்டு ஒன்றை இரண்டு பக்கமும் விரித்துவைத்துக்கொண்டு, மனதில் தோன்றியதை வரைவாள், கிழிப்பாள், ஒட்டுவாள். வர்ணம் மட்டும் போதாது. பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர், நூல், பட்டன், பஸ் டிக்கெட், கரித்துண்டு என்று அகப்பட்டதெல்லாம் உள்ளே போகும். இதற்கு மிக்ஸட் மீடியா என்று பேர். மற்றதெல்லாம் சுமார்தான், மிருகங்கள் மட்டும் அவள் கையில் உயிரோடு வரும். வரைவதைப் படமெடுத்து இணையத்தில் போடுவாள். கை மட்டும்தான் தெரியும். குரல் அவ்வளவு இதமாக, இழுத்து இழுத்து வரும். வீட்டில் அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் அவள் கை அல்ல, மேசைக்கு அடியில் படுத்திருந்த நாய். அது என் நாய். ஹோட்டல் பின்வாசலில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே குட்டியாகக் கிடந்தது. சின்ன மூட்டை என்று நினைத்துத் தூக்கினேன், கத்தியது. மூட்டை என்றே பேர் நிலைத்துவிட்டது. நான் இருப்பது பெண்கள் விடுதி. சுவரில் பல்லி ஓடினாலே யார் வளர்ப்பது என்று கேட்கிற வார்டன். அதனால் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தினமும் வேலை முடிந்ததும் போய், நடக்கக் கூட்டிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு வருவேன். பல வருஷமாக இப்படித்தான். மூட்டை என்பது படத்துக்கு ஒத்துவராது என்று தங்கை இணையத்தில் அதற்குக் கேரமல் என்று பேர் வைத்துக்கொண்டாள். வைத்தால் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் மூட்டைக்கு உடம்பு முடியாமல் போனது. சாப்பிடவில்லை, வாந்தியில் ரத்தம் வந்தது. நானும் தங்கையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் முன்னங்காலில் முடியை வழித்துவிட்டு ஊசியைச் சொருகி, மருந்து ஏற்றினார். "வயசாயிடுச்சும்மா. இன்னைக்கு ராத்திரி தாண்டுமான்னு என்னால சொல்ல முடியல," என்றார்.

நான் அழுதேன். தங்கையும் அழுதாள். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெருக்க வந்த ஆளிடம், "அந்த முடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்," என்றாள். மேசைக்கடியில் விழுந்திருந்த முடியைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, வால் பக்கம் பொன்னிறமாக இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொண்டாள். ஞாபகத்துக்கு என்றாள். இவளுக்கு இவ்வளவு பாசமா, நான்தான் இத்தனை நாளும் தப்பாக எடைபோட்டுவிட்டேனா என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சரிக்கா, நீ கூட இரு. நான் போறேன். கெஸ்ஸோ காயறதுக்கே நேரம் ஆகும்," என்றாள்.

கெஸ்ஸோ என்பது வர்ணம் ஏறுவதற்காகத் தாளில் முதலில் பூசுகிற வெள்ளைப் பூச்சு. அந்த நேரத்தில் அது என் காதில் சரியாக விழவில்லை. ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் போல என்று நினைத்தேன்.

காலையில் மூட்டை கண் திறந்தது. தண்ணீர் குடித்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டு, கையால் கொஞ்சம் சோறு ஊட்டிப் பார்த்தார், சாப்பிட்டது. உடனே தங்கைக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்ட பிறகு அவள் புருஷன் எடுத்தார்.

"மாப்பிள்ளை, பொழைச்சிடுச்சு. சாப்பிடுது."

"அப்படியா," என்றார். பிறகு, "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்துதான் விஷயம் தெரிந்தது. இந்த மாதிரிப் படத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. ஒட்டியது இறுகினால்தான் அதன்மேல் வர்ணம். அதனால் செய்தி வரும்போது பக்கம் தயாராக இருக்கட்டும் என்று அவள் முந்திக்கொண்டு ஆரம்பித்திருக்கிறாள். செய்தி வருவதற்குள் படம் காய்ந்துவிட்டது. பார்த்தாளாம், ரொம்ப நன்றாக வந்திருந்ததாம். அந்த நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, 'என் கேரமல் இன்று காலை என்னை விட்டுப் போய்விட்டது' என்று எழுதி ஏற்றிவிட்டாள்.

"அதுக்குள்ள போயிருக்கும்னு நினைச்சேன்க்கா," என்றாள் தங்கை.

நான் அந்த நோட்டைப் பார்த்தேன். மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். அடியில் கிழித்து ஒட்டிய செய்தித்தாள், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் டீ நிறத்தில் நீர்த்த வர்ணம். மூக்குக்குக் கரி. முகத்துச் சுருக்கத்துக்கு டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஒட்டியிருந்தாள். கண் இரண்டும் பேனா மையில். காதில் நிஜ முடி. பசை மாதிரி இருக்கிற ஏதோ ஜெல்லில் முக்கி, கற்றை கற்றையாக அழுத்தி வைத்திருந்தாள். கழுத்துப் பட்டைக்கு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் ஒரு துண்டு, அதையும் அன்றைக்கே பொறுக்கியிருக்கிறாள். அதில் மஞ்சளாக ஒரு கறை. எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்தாலே சொல்வதுதான் என் பிழைப்பு. அது மூட்டையின் காலில் மருந்தோடு கலந்து கசிந்த நீர். வழித்த முடியில் காய்ந்த ரத்தம் ஒரு பொட்டு இருந்தது. அதைக் கழுவக்கூட இல்லை, வார்னிஷ் அடித்து மினுக்கியிருந்தாள்.

படம் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு காதை மட்டும் மடக்கி, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூட்டை எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்த்தது. இவ்வளவு உற்றுப் பார்த்தவளுக்கு, அது சாகும்வரை காத்திருக்க மட்டும் பொறுமை இல்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பினேன்.

"அழிச்சிடு. தப்பா நடந்துடுச்சு, பொழைச்சிடுச்சுன்னு எழுதிடு," என்றேன்.

"எப்படிக்கா முடியும்? எத்தனை பேர் அழுதிருக்காங்கன்னு பாரு."

போனைக் காட்டினாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் கதறியிருந்தார்கள். ஒருத்தி தான் சாப்பிடவே இல்லை என்று எழுதியிருந்தாள். ஒரு வர்ணக் கம்பெனிக்காரர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, அதே மூச்சில், எங்கள் வர்ணத்தை வைத்து இதுபோல நினைவுப் பக்கம் போடக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். என் தங்கை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. யோசனை வந்தால் ஸ்கூட்டர் சாவியைக் காதில் விட்டுக் குடைவார். குடைந்து, நுனியைப் பார்த்து, பேன்ட்டில் துடைப்பார். அப்படித் துடைத்துக்கொண்டே சொன்னார், "இப்ப போய் உயிரோட இருக்குன்னு சொன்னா செருப்பால அடிப்பாங்கக்கா. கொஞ்ச நாள் வெளிய தெரியாம வச்சுப்போம். டாக்டரே வயசாயிடுச்சுன்னுதானே சொல்றார்."

அதாவது, எப்படியும் போகப்போகிறது, பொய் தானாக நிஜமாகிவிடும் என்று கணக்கு. மூட்டைதான் அந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. மாத்திரையை விழுங்கியது, தட்டை நக்கிச் சுத்தம் செய்தது, வழித்த காலில் முடி முள் முள்ளாக முளைத்தது, நடை மட்டும் லேசாக நொண்டியது. டாக்டரிடம் திரும்பக் காட்டினேன். "வலி எதுவும் இல்ல. இருக்கிற வரைக்கும் நல்லாவே இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க," என்றார். வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னேன். தங்கை சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

மூட்டைக்குத் தெரு போனது. ஜன்னலோரம் போனது. முன்னறைத் திரையை எப்போதும் இழுத்து மூடி வைத்தார்கள். பின்பக்கம் துவைக்கிற அறையும் அதை ஒட்டிய குளியலறையும்தான் அதன் உலகம் என்றானது. நான் போனால் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கவைப்பேன். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட நாய், கொடியில் காய்கிற துணிகளுக்குள் முகத்தை விட்டு விளையாடும். கீழே அதன் படத்துக்கு அடியில் மெழுகுவர்த்திப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

கம்பெனிக்காரர்கள் கேட்ட நினைவுப் பக்க வகுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வைப்பது என்று முடிவானது. என்னையும் உதவிக்கு வரச் சொல்லியிருந்தாள். காலையில் போனதும் மாப்பிள்ளை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "அக்கா, நாளைக்குக் காலைல ஒரு டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். நம்ம டாக்டர் இல்ல, வேற ஒருத்தர். ஊசி போட்டுடுவார். தூங்கற மாதிரி போயிடுமாம்."

"எதுக்கு?"

"கஷ்டப்படுதுல்ல."

"யாரு கஷ்டப்படறா? அது காலைல ரெண்டாவது தடவை சோறு கேட்டுச்சு."

"கம்பெனிக்காரங்க இனிமே வீட்டுக்கு வந்து போவாங்கக்கா. எத்தனை நாள் ஒளிச்சு வைக்கிறது? அவ பேரே போயிடும். உங்களால முடிஞ்சா விடுதிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் வேணாம்னா சொன்னேன்?"

விடுதியில் முடியாது என்று தெரிந்துதான் சொன்னார். அதற்கு முன்னமே நான் கேட்காத இடம் இல்லை. சலவைப் பகுதியில் வேலை செய்கிற ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிட்டேன். குட்டி என்றால் பார்க்கலாம், கிழடு வேண்டாம் என்றார்கள். தங்கையிடம் போய், "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் தூரிகைகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "வகுப்பு முடியட்டும்க்கா, பேசலாம். அதுவரைக்கும் நீ அது கூட குளியலறைல உக்காந்துக்கோ. குரைக்காம மட்டும் பாத்துக்கோ, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள்.

போடி நீயும் உன் வகுப்பும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் நாளைக் காலை ஊசி என்பது இவள் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால்தான் நிற்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் செத்த பிராணியின் மிச்சம் ஒரு பொட்டலம். பூனை முடி, கிளி இறகு, முயலின் நகம். தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் சின்னச் சிமிழைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்ளே பற்கள். "எங்க வீட்டு நாயோடது. விழ விழ எடுத்து வச்சேன். இதெல்லாம் ஒட்டலாமில்ல?" என்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தீப்பெட்டி கொண்டுவந்திருந்தார். அதற்குள் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, உப்பில் காயவைத்த ஒரு தங்கமீன். முன்னறை முழுக்க அந்த வாடை பரவியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் துக்கத்துக்கு மரியாதை கொடுத்து மூக்கைப் பொத்தாமல் இருந்தார்கள்.

"முழுசா ஒட்டணுமா, செதில் மட்டும் போதுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"உங்க மனசு என்ன சொல்லுதோ அப்படி," என்றாள் தங்கை அந்த இழுக்கிற குரலில்.

மனசு என்ன சொல்லும், குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்கும். நான் பின்பக்கம் போய்விட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் தீப்பெட்டியை மூடுவதற்கு முன் டிஷ்யூ பேப்பரை மீனின்மேல் போர்வை மாதிரி இழுத்துவிட்டார். பொய்க்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கொண்டுவந்தது பொய்யில்லை. அதை நினைத்தபோது என் தங்கைமேல் வெறுப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். கதவை ஒட்டினாற்போல் துவைக்கிற அறை, அதைத் தாண்டி முன்னறை. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"முதல்ல செய்தித்தாளைக் கிழிங்க. கத்தரிக்கோல் வேணாம், கையாலதான் கிழிக்கணும், ஓரம் பிசிறு பிசிறா வரட்டும். பசையை மெலிசா தடவுங்க. அழுகை வந்தா அழுங்க, யாரும் எதுவும் நினைச்சுக்க மாட்டோம். ஆனா கரி தேய்ச்ச இடத்துல சொட்ட விட்டுடாதீங்க, கலைஞ்சிடும்."

மூட்டை அந்தக் குரலைக் கேட்டு வாலை ஆட்டியது. வால் வாளியில் பட்டுத் தட் தட் என்று சத்தம் வந்தது. நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு என் தங்கையைப் பிடிக்கும். அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. என்னை மணிக்கணக்காக எதிர்பார்த்துக் காத்திருந்தாலும், படுக்கிறது என்னவோ அவள் காலடியில்தான்.

முன்னறையில் பூச்சு காய்வதற்காகக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் தங்கை தன் பக்கத்தை விரித்துக் காட்டி, கேரமலின் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மடியில் தலை வைத்துப் போனதாம். கடைசியாக ஒருமுறை கையை நக்கியதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் விம்மினாள். பிறகு அழுதாள். நடிக்கிறாளா, நிஜமாகவே அழுகிறாளா என்று கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் யார் அழுதாலும் மூட்டை சும்மா இருக்காது. எழுந்து கதவைப் பிராண்டியது. தொண்டையிலிருந்து மெல்லிய ஊளை கிளம்பியது. நான் அதன் வாயைப் பொத்தினேன்.

"என்ன சத்தம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பக்கத்து வீட்டு நாய்," என்றார் மாப்பிள்ளை.

தங்கை அழுகையை விடவில்லை. மூட்டை திமிறியது. நான் இன்னும் இறுக்கினேன். மூக்கும் சேர்ந்து என் உள்ளங்கைக்குள் அடைபட்டிருந்தது. கண் இரண்டும் பிதுங்கி என்னைப் பார்த்தன. கடிக்கவில்லை. கடித்திருக்கலாம், பல் இருந்தது. தன் சாவுக்கு அழுகிறவளைத் தேற்றப் போக வேண்டும் என்று அது துடித்தது. நான் அதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக் காலை வேறொருத்தர் செய்யப்போவதை இன்றைக்கே நான் செய்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. கையை எடுத்தேன். கதவைத் திறந்தேன்.

மூட்டை நொண்டிக்கொண்டே முன்னறைக்குப் போனது. நான் பின்னாலேயே போனேன். மேசைகளுக்கு நடுவே நேராக நடந்து, யாரையும் பார்க்காமல், தங்கையின் மடியில் தாடையை வைத்தது. அவள் முன்னங்கையில் வழிந்த கண்ணீரை நக்கியது.

விரித்து வைத்த நோட்டில் ஒரு முகம், மடியில் அதே முகம். பல் கொண்டுவந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கேரமல்," என்றார்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை கதவோரம் நின்று போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம்தான் திணறினார். "இது புதுசுங்க. போன வாரம்தான் எடுத்தோம். இவ அழுகையை நிறுத்தவே இல்ல, அதான் அதே மாதிரி தேடிக் கொண்டுவந்தோம்," என்றார்.

"கால்ல ஏன் முடி வழிச்சிருக்கு?" என்று மீன் பெரியவர் கேட்டார்.

"யாரோ அடிச்சுத் தெருவுல போட்டிருந்தாங்க," என்றாள் தங்கை. குரல் திரும்பி வந்துவிட்டது. "நாங்கதான் வைத்தியம் பாத்தோம். வயசான நாயை யாரும் எடுக்க மாட்டாங்க. எனக்கு மனசு கேக்கல."

பொய் சொல்லும்போதே நாயின் தலையைத் தடவினாள். அதுவும் சொகுசாகக் கண்ணை மூடிக்கொண்டது. பெண்கள் இரண்டு பேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் பல் அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. இது புதுசா?"

தங்கை என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நின்று பார்க்கிற அதே பார்வை. நிஜம் என் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் இந்த வீட்டின் மானம் இந்த நிமிஷமே போகும், எனக்கு அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் இவர்கள் எல்லோரும் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் விடுதிக்குப் போயாக வேண்டும். மூட்டை இந்த இருவரோடு இந்த வீட்டில் இருக்கும், தங்கள் பிழைப்பைக் கெடுத்த நாயாக. நாளைக் காலை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். செத்துப்போனதாகச் சொன்ன நாய்க்கு யாருக்கும் தெரியாமல் ஊசி போடலாம். இத்தனை பேர் கண்ணால் பார்த்த புது நாய்க்குப் போட முடியாது.

"ஆமா, புதுசுதான்," என்றேன். ஆரம்பித்தாயிற்று, முழுக்க நனைந்தால் என்ன என்று மேலே போனேன். "கடைசி வரைக்கும் இதை வச்சுக் காப்பாத்துவேன்னு என் தங்கச்சி எனக்கு வாக்குக் கொடுத்திருக்கா. வாரா வாரம் இதை வரைஞ்சு உங்களுக்கெல்லாம் காட்டப்போறா. ஒரு வாரம் காட்டலன்னா நீங்களே கேளுங்க."

மாப்பிள்ளையின் சாவி காதில் நின்றது. தங்கை என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தன. "ஆமா, வாரா வாரம்," என்றாள்.

பல் அம்மாள் அழுதுவிட்டார். எழுந்து வந்து பசை காயாத கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சந்தேகப்பட்டுட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க. உங்க குடும்பத்துக்கு எவ்வளவு நல்ல மனசு," என்றார். பசை என் விரல் இடுக்குகளில் இறங்கியது. அதில் பொடிப் பொடியாக ஏதோ உறுத்தியது. கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

"பேர் வச்சாச்சா?" என்று பெரியவர் கேட்டார்.

"நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்," என்றாள் தங்கை.

பேர்கள் வந்து விழுந்தன. கடைசியில் பல் அம்மாள் சொன்னதே நின்றது. "கேரமலே அனுப்பி வச்ச மாதிரி இருக்கு. ஏஞ்சல்னு வைங்க." எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆளுக்கொரு பக்கமாக ஏஞ்சல், ஏஞ்சல் என்று கூப்பிட்டார்கள். மூட்டை தாடையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"காது கேக்கலையோ?"

"இன்னும் பழகல," என்றாள் தங்கை. "அக்கா, நீ கூப்பிடு. உன்கிட்டதான் ஓடி வரும்."

மாப்பிள்ளை போனை உயர்த்திப் பிடித்தார். எல்லோரும் எனக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். நான் அறையின் மறுகோடிக்குப் போய்த் தரையில் குந்தினேன். தொண்டையில் காலையில் குடித்த டீ புளித்துக்கொண்டு மேலே வந்தது. விழுங்கிவிட்டுக் கூப்பிட்டேன். "ஏஞ்சல்."

மூட்டை தலையைத் தூக்கியது. கூப்பிட்டது நான் என்பதால் தூக்கியது, என்ன பேர் சொன்னேன் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நொண்டிக் காலோடு, உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு ஓடி வந்து என் முகத்தில் முட்டியது. சற்று முன் அதன் மூச்சைப் பொத்திய கையை நக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அக்கா, கை ஆடிடுச்சு, சரியா விழல," என்றார் மாப்பிள்ளை. "இன்னொரு தடவை."

யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போய்த் தங்கையின் மடிக்குப் பக்கத்தில் விட்டேன். திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினேன். என்மேல் எனக்கே அப்படி ஒரு அருவருப்பு. ஆனாலும் இந்தத் தடவை குரல் நடுங்கிவிடக் கூடாதே என்று செருமிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டு, முதல் தடவையைவிட நன்றாகவே கூப்பிட்டேன்.